தொட்டால் சிணுங்கும் இயந்திரம்

எலும்பு இல்லை, இரும்பும் இல்லை! காற்றை அடித்தால் கை அசைக்கும் ரப்பர் ரோபோ

பெங்களூர் கஸ்தூர்பா ரோட்டில் உள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பொருட்காட்சிசாலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போகும் தமிழர்கள் ஏராளம். 1962-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி பிரதமர் நேரு திறந்து வைத்த காட்சிசாலை அது. அங்கே அசைந்து உறுமும் டைனோசர் பொம்மையைக் கண்டதும் குழந்தைகள் முதலில் மிரளுவார்கள். அடுத்த நிமிடமே, "அதைத் தொட்டுப் பார்க்கணும்" என்று அடம் பிடிப்பார்கள். "தொடாதே" என்று அப்பா கையைப் பிடித்து இழுப்பார்.

அப்பா சொல்வது நியாயம்தான். இப்படிப்பட்ட அசையும் பொம்மைகளுக்கு மேல் தோல் மெத்தென்று இருக்கும். உள்ளே இருப்பது இரும்புச் சட்டம், மோட்டார், பல்சக்கரம். நடுவே ஒரு விரல் சிக்கினால் என்ன ஆகும் என்பதை லேத்திலும் பிரஸ் மெஷினிலும் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளேயும் இரும்பு இல்லாத ஓர் இயந்திரம் இருந்தால்? தலை முதல் கால் வரை ரப்பராகவே இருந்தால்? குழந்தை கட்டிப் பிடித்தாலும் காயம் படாது. தொட்டால் சுருங்கும். விட்டால் மெல்ல மூச்சு வாங்கி நிமிரும்.

இது கற்பனை அல்ல. "மென் ரோபோ" என்று இதற்குப் பெயர். சிலிகோன் ரப்பரில் வார்த்து, காற்றை அடித்து இயக்குகிறார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த இந்த வித்தை இப்போது கலைக் காட்சிகளுக்கும் வந்துவிட்டது.

செடி காட்டிய வழி

இந்த வித்தை இயற்கைக்குப் புதிது அல்ல. கிராமத்து வரப்பில் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டு விளையாடாதவர் யார்? அந்தச் செடிக்கு எலும்பும் இல்லை, தசையும் இல்லை. பின் எப்படி இலையை மடக்குகிறது?

இலைக் காம்பின் அடியில் சிறு முடிச்சு போன்ற பகுதி உண்டு. அதன் உள்ளே இருக்கும் நுண்ணறைகளில் நீர் நிரம்பி விறைப்பாக இருக்கும். தொட்டவுடன் ஒரு பக்கத்து அறைகளிலிருந்து நீர் வெளியேறுகிறது. அந்தப் பக்கம் தளர்கிறது; இலை சாய்கிறது. கொஞ்ச நேரத்தில் நீர் திரும்பி வந்ததும் பழையபடி நிமிர்கிறது.

யானையின் துதிக்கையிலும் எலும்பு கிடையாது. பல்லாயிரக்கணக்கான தசைக் கற்றைகளை வைத்துக்கொண்டே அது மரக்கட்டையையும் தூக்குகிறது. தரையில் கிடக்கும் காசையும் எடுக்கிறது. நமது நாக்கும் அதே இனம்தான்.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோவிலுக்கு 2023 பிப்ரவரியில் ஓர் இயந்திர யானையைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். காது ஆட்டும், கண் சிமிட்டும். ஆனால் அதற்கும் இரும்புச் சட்டம்தான் உடல். ரப்பர் என்பது மேலே போர்த்திய தோல்தான். எடை 800 கிலோ. மென் ரோபோ இதற்கு ஒரு படி மேலே போகிறது. அங்கே தோலே தசை, தசையே எலும்பு.

மகளுக்காக ஒரு தசை

இந்த வித்தையின் தொடக்கத்தில் ஒரு தகப்பனின் கதை இருக்கிறது.

1945-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தார்கள். வெடிக்கும் நேரத்தை எண்ணும் தானியங்கிப் பொறிக்கு சுவிட்சைப் போட்டவர் ஜோசப் மெக்கிப்பன் என்ற விஞ்ஞானி.

சில ஆண்டுகள் கழிந்தன. அவருடைய மகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கைகள் செயலற்றுப் போயின. அணுகுண்டுக்கு சுவிட்ச் போட்ட கையால், மகளின் விரல்களை மடக்கி ஒரு பொருளைப் பிடிக்கச் செய்ய முடியவில்லை.

மெக்கிப்பன் சும்மா இருக்கவில்லை. நீண்ட ரப்பர்ப் பை ஒன்றை எடுத்து, அதன் மேல் ஷூ லேஸ் போலப் பின்னிய வலை உறையை மாட்டினார். உள்ளே வாயுவைச் செலுத்தினார். பை பருத்தது. பருக்கப் பருக்க, வலை உறை நீளத்தில் சுருங்கியது. சுருங்கும்போது இழுத்தது. மனிதனின் தசை செய்வதும் இதைத்தானே! அந்தச் செயற்கைத் தசையைக் கைக்குப் பொருத்தியதும் விரல்கள் மடங்கின. 1950-களில் நடந்தது இது. இன்றும் அந்தச் சாதனத்துக்கு "மெக்கிப்பன் தசை" என்றுதான் பெயர்.

மனித உடம்போடு ஒட்டி இயங்க வேண்டும், ஆனால் அதை நசுக்கக் கூடாது. மென் இயந்திரத்தின் தேவை அந்த வீட்டில்தான் தெளிவாகத் தெரிந்தது.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் பணிபுரிந்த சுசுமோரி என்பவர், மூன்று காற்றறைகள் கொண்ட ரப்பர் விரலைச் செய்தார். எந்த அறையில் காற்று ஏறுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் விரல் வளையும். 2011-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒயிட்சைட்ஸ் குழுவினர் 5 அங்குல நீளத்தில் நான்கு கால் ரப்பர் பிராணி ஒன்றைத் தவழ விட்டார்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவான சந்தில் அது நெளிந்து புகுந்து மறுபக்கம் வந்தது! அதே குழு செய்த நட்சத்திர மீன் போன்ற ரப்பர்க் கை, பச்சை முட்டையை உடைக்காமல் தூக்கியது.

டாட்டா இன்ஸ்டிட்யூட்டில்

பெங்களூரும் இதில் பின்தங்கவில்லை. நம்மவர்கள் "டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்று அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-ல் தொடங்கியது. அங்கே இயந்திரவியல் துறையில் பேராசிரியர் அஷிதவா கோசல் குழுவினர் மெக்கிப்பன் தசையை மிகச் சிறிதாக்கி ஆராய்ந்து, 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளியின் உடலுக்குள் செலுத்தும் எண்டோஸ்கோப் குழாயின் முனையை, டாக்டர் வேண்டிய பக்கம் மெல்லத் திருப்புவதற்கு அது பயன்படும்.

அதே துறையின் பேராசிரியர் ஜி.கே. அனந்தசுரேஷ் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2010-ல் பட்நாகர் விருது பெற்றவர். கீல், ஆணி, திருகு எதுவும் இல்லாமல், வளைந்து கொடுத்தே வேலை செய்யும் கருவிகள் அவருடைய துறை. புரியவில்லையா? பாட்டியின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கிய முள்வாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தகட்டை மடித்துச் செய்தது. அழுத்தினால் சேரும், விட்டால் விரியும். அதுவும் இந்த இனத்துக் கருவிதான்.

வெட்கப்படும் இரும்புப் பிராணி

இயந்திரம் சரி. அது கலைக்கு எப்படி வந்தது?

போலந்து நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் பிழைக்க வந்தவர் எட்வர்டு இனாடோவிச். சிற்பி. அவர் செய்த "சென்ஸ்டர்" என்ற பிராணி 1970-ல் ஹாலந்தில் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் காட்சி மண்டபத்தில் நின்றது. 15 அடிக்கு மேல் நீளம். சிங்கி இறாலின் கொடுக்கு எப்படி மடங்கும் என்று பார்த்து வடிவமைத்தார். தலைப்பக்கம் ஒலிவாங்கிகளும் அசைவை அறியும் ரேடாரும் இருந்தன. பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இயக்கியது.

மெல்லப் பேசினால் அது தலையை நீட்டி அருகே வரும். சத்தம் போட்டாலோ, கையை வீசினாலோ பின்வாங்கும்! 

பார்ப்பவர் செய்வதற்குத் தக்கபடி சிற்பம் பதில் செய்கிறது. இதுதான் "உறவாடும் கலை". 1974-ல் சென்ஸ்டரைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 2017-ல் போலந்தின் கிராகோவ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று அதன் உடலை வாங்கி, மீண்டும் இயங்க வைத்தது.

ஆனால் சென்ஸ்டர் இரும்பு. பேசலாம், தொட முடியாது. ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உழைத்துக் காய்த்த கைக்கு அங்கே வேலை இல்லை. சிலிகோன் ரோபோ வந்த பிறகுதான் "தொடாதே" பலகையைக் கழற்றிவிட்டு, "தொட்டுப் பார்" என்று எழுத முடிகிறது.

மாவு கரைப்பது போல

இதை எப்படிச் செய்கிறார்கள்? பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஒரு சமையலறை அளவு இடம் போதும்.

சிலிகோன் என்பது மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கான் என்ற தனிமத்தை மூலமாகக் கொண்ட ரப்பர். குழந்தையின் பால் புட்டி நிப்பிளிலும், கைபேசி உறையிலும் இருப்பது அதுவே. ரோபோவுக்கு வாங்கும் வகை, இரண்டு டப்பாக்களில் பாயசம் போல வரும். இரண்டையும் சம அளவு தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். கலந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் முக்கால் மணி நேரத்துக்குள் அச்சில் ஊற்றியாக வேண்டும். நாலு மணி நேரத்தில் இறுகிவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் இறுகும்.

வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி சேரும். ஒவ்வொரு குமிழியும் நாளைய ஓட்டை. எனவே மெல்லக் கலக்கி, காற்றை உறிஞ்சும் பாத்திரத்தில் வைத்துக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். பிறகு சற்று உயரத்திலிருந்து நூல் போல ஊற்றுவார்கள்.

அச்சு எப்படி இருக்கும்? ரயில் பெட்டிகள் போல வரிசையாகச் சிறு அறைகள். எல்லாவற்றையும் இணைத்து ஒரே நடைபாதை. காற்று அந்தப் பாதையில் ஓடி எல்லா அறைகளையும் நிரப்பும். பொங்கல் நேரத்து ஜெனரல் பெட்டியில் ஆள் ஏற ஏற ஒருவரை ஒருவர் நெருக்குவது போல, உப்பிய அறைகள் ஒன்றையொன்று தள்ளும்.

வெறுமனே தள்ளினால் பலூன் போல உப்பிவிடுமே? அங்கேதான் சூட்சுமம். அடிப்பக்கத்தில் ஒரு துணியையோ காகிதத்தையோ வைத்து ரப்பரை ஊற்றிவிடுகிறார்கள். துணி நீளாது. மேல் பக்கம் நீள்கிறது. அடிப்பக்கம் நீள மறுக்கிறது. வேறு வழியில்லாமல் முழு விரலும் துணியின் பக்கம் வளைகிறது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நீளமான பலூன் ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் டேப்பை ஒட்டிவிட்டு ஊதுங்கள். வாழைப்பழம் போல டேப் உள்ள பக்கம் வளைந்து நிற்கும்.

பஞ்சர் கடைப் பாடம்

முதல் தடவையே சரியாக வந்தது என்று யாரும் சொன்னதில்லை. சுவர் ஒரு பக்கம் மெலிந்தால் அங்கே மட்டும் கொப்புளம் போல உப்பிக்கொண்டு நிற்கும். சுவர் தடித்தால் அசையவே அசையாது. மேல் பாதியையும் அடிப் பாதியையும் தனித்தனியாக வார்த்துப் பிறகு ஒட்ட வேண்டும். சிலிகோனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சிலிகோனையே மெல்லத் தடவி ஒட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் நடைபாதை அடைத்துக்கொள்ளும். குறைந்தால் காற்று கசியும்.

கசிவைக் கண்டுபிடிக்க என்ன கருவி? சைக்கிள் பஞ்சர் கடையில் இருக்கும் தண்ணீர் வாளிதான்! உள்ளே காற்றை அடித்து நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு எதிரி கந்தகம். சில வகை களிமண்ணிலும் ரப்பர்க் கையுறையிலும் கந்தகம் உண்டு. அது பட்ட இடத்தில் இந்த வகைச் சிலிகோன் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கும். இதை அறியாமல், கலவையில் தவறு என்று எண்ணி டப்பா டப்பாவாக வீணாக்கியவர்கள் உண்டு.

மற்றச் சாமான்களுக்குப் பெங்களூரில் பஞ்சமே இல்லை. டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் அருகே இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் போதும். சிறிய காற்று பம்ப், மின்சார வால்வு, பிளாஸ்டிக் குழாய், 2005-ல் இத்தாலியில் உருவான "ஆர்டுயினோ" என்ற சிறு கம்ப்யூட்டர்ப் பலகை எல்லாம் கிடைக்கும். மீன் தொட்டிக்கு வைக்கும் பம்ப்பை வைத்தே ஆரம்பிப்பவர்களும் உண்டு. சைக்கிள் டயருக்கு அடிக்கும் காற்றின் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கே இந்த விரலுக்குப் போதும்.

ஆட்டோ ஹாரன் தத்துவம்

தொட்டதை அது எப்படி அறியும்?

பழைய ஆட்டோ ரிக்ஷாவில் தொங்கிய ரப்பர் ஹாரனை நினைவிருக்கிறதா? உருண்டையை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று நெருங்கி, குழல் வழியே "பாம்" என்று ஒலிக்கும். இங்கேயும் அதே கதைதான். ரோபோவை ஒருவர் அமுக்கினால் உள்ளே காற்றழுத்தம் கூடும். அந்த ஏற்றத்தை ஒரு சிறு அழுத்தமானி படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது வால்வைத் திறக்கும். ரோபோ சுருங்கும்.

மெல்லத் தடவினால் என்ன செய்ய வேண்டும்? கிள்ளினால் என்ன செய்ய வேண்டும்? இதை முடிவு செய்வது கம்ப்யூட்டர் அல்ல, கலைஞன். ஓய்வாக இருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறான். ரப்பர்க் கட்டியும் அதே கதியில் உப்பித் தணிந்தால், பார்ப்பவருக்கு அது தூங்கும் பிராணியாகத் தெரியும். கதியை இரண்டு மடங்கு ஆக்கினால் பயந்த பிராணி! ரப்பர் மாறவில்லை, வால்வு திறக்கும் நேரம்தான் மாறியது.

கண்காட்சியில் வைத்த பிறகும் தொல்லை தீராது. தொடச் சொன்னால் எல்லோரும் தொடுவார்கள். நகம் கீறும், தூசி ஒட்டும், குழந்தைகள் இழுத்துப் பார்ப்பார்கள். எனவே கெட்டிக்காரர்கள் அச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். விரல் கிழிந்தால் இன்னொரு விரல் வார்த்துக்கொள்ளலாம். அச்சு போனால் எல்லாம் போயிற்று.

மாஸ்டர்ஜியின் கை

இந்த வேலையில் பாதி படிப்பு, பாதி கைப்பழக்கம். அச்சு வெட்டுவது, வார்ப்பது, குமிழி இல்லாமல் ஊற்றுவது, கசிவு பார்ப்பது எல்லாம் பட்டறையில் வேலை பார்ப்பவருக்குப் பழகிய காரியங்கள். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உரு செய்து, மண் பூசி, உலோகத்தை ஊற்றுகிறாரே, அந்த முறைக்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை.

நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து ரப்பரில் ஒரு செயற்கைப் பாதம் செய்தார்கள். சர்மாவை எல்லோரும் "மாஸ்டர்ஜி" என்று அழைத்தார்கள். பெரிய படிப்பு இல்லாதவர். அதுவரை வந்த வெளிநாட்டுக் கட்டைக் கால்களால் சம்மணம் போட்டு உட்காரவும் முடியாது; வெறுங்காலோடு வயலில் நடக்கவும் முடியாது. டயர்ப் பட்டறையில் ரப்பரை வேக வைப்பது போலச் செய்தால் வளைந்து கொடுக்கும் பாதம் வரும் என்று கண்டவர் மாஸ்டர்ஜி. டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகசாசே விருது கிடைத்தது.

அதே 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்தார் நாட்டிய நடிகை சுதா சந்திரன். ஜெய்ப்பூர் பாதத்தைப் பொருத்திக்கொண்டு அவர் மேடையேறி ஆடியதையும், அவர் கதையே "மயூரி" படமாக வந்ததையும் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வளைந்து கொடுக்கும் ரப்பர் ஒரு கலையைக் காப்பாற்றிய கதை அது. அதைச் செய்த கை ஒரு தொழிலாளியின் கை.

யாரும் கற்கலாம்

இன்று இந்த வித்தை பூட்டி வைத்த ரகசியம் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் அயர்லாந்தின் டிரினிடி கல்லூரியாரும் 2014-ல் அச்சு வரைபடங்களையும் செய்முறைகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். பெங்களூரில் விஞ்ஞானமும் கலையும் சந்திக்கும் இடமாக 2024 ஜனவரியில் "சயன்ஸ் கேலரி" திறந்தது. டாட்டா இன்ஸ்டிட்யூட்டும் ஆண்டுக்கு ஒரு நாள் தன் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறது. ஆராய்ச்சிக் கூடங்களை உள்ளே போய்ப் பார்க்கலாம். படித்தவர்களிடம் நேரில் கேட்கலாம்.

அந்த நாளில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். போகும் முன் வீட்டில் ஒரு பலூனில் டேப் ஒட்டி ஊதிக் காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. பலூன் ஏன் வளைந்தது என்று அறிந்த பையன், அங்கே ரப்பர் விரல் வளைவதைக் கண்டால் மிரள மாட்டான். கேள்வி கேட்பான்.

அப்போது, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று அவன் கேட்டால், இந்த ஒரு தடவை அப்பா அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.